ஆஸ்டின் லாவெல் வெட்டாத குழி

ஒரே மாதா கோயிலுக்குப் போகிற எங்கள் கில்லவாரா பங்கில் செத்தவருக்குச் சொந்தக்காரன் குழி வெட்டக்கூடாது. பக்கத்து வீட்டார்தான் வெட்ட வேண்டும். சொந்த ரத்தத்துக்குத் தானே மண் எடுக்கிறவன் அதே வீட்டுக்கு அடுத்த சாவையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறான் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. கோயிலில் சாமியார் இதையெல்லாம் அஞ்ஞானம் என்று திட்டுவார். திட்டிவிட்டுப் போகட்டும். அவருடைய அம்மா செத்தபோது அவரும் மண்வெட்டியைத் தொடவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பங்கில் பாதிப் பேர் லாவெல். மீதிப் பேர் லாவெல் வீட்டில் பெண் எடுத்தவர்கள், இல்லையென்றால் பெண் கொடுத்தவர்கள். கெரிட்டி, மங்கன், டவி என்று வேறு பெயர் இருந்தாலும் கொஞ்சம் சுரண்டினால் அடியில் ஒரு லாவெல் பாட்டி உட்கார்ந்திருப்பாள். ஒரு சாவு விழுந்தால், ரத்தம் ஒட்டாத நாலு பேரைச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிடும். அதற்காகவே ஊருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டான். யாருடைய தாத்தாவும் யாருடைய பாட்டியும் கூடப்பிறந்தவர்கள், எந்தக் கிளை எங்கே பிரிந்தது, எந்த வீட்டுக்கு எந்தக் குழி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஆள். அவன்தான் ஆஸ்டின் லாவெல். சாவு வீட்டு முற்றத்தில் நின்று ஆட்களை ஒரு பார்வை பார்ப்பான். நீ வா, நீ இதில் மண் எடுக்கக்கூடாது என்று பிரித்துவிடுவான். மூன்று தலைமுறைக்குள் ஒட்டினால் மண்வெட்டி கிடையாது. பிரித்து முடித்ததும் தன் மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதல் ஆளாக நடப்பான். அவனுக்குத்தான் யாரும் இல்லையே.

பாட்சி மங்கன் இதை வாய்விட்டே சொல்வான். ஆஸ்டினைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவன், குழி வெட்டுகிற கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி. "ஊருக்கு ஒரு அநாதை இருக்கறது எவ்ளோ சவுகரியம் பாத்தீங்களா," என்பான். "எந்தச் சாவுக்கும் கூப்பிடலாம். தட்டவே மாட்டான்." எல்லாரும் சிரிப்பார்கள். ஆஸ்டினும் சிரிப்பான். அவன் சிரிப்பு மட்டும் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் சீக்கிரம் நின்றுவிடும்.

அவன் எங்கள் ஊருக்கு வந்தபோது ஐந்து வயது. கல்யாணம் ஆகாமல் பிள்ளை உண்டான பெண்களைக் கொண்டுபோய்த் தள்ளுவதற்கென்று மாவட்டத்தில் ஒரு விடுதி இருந்தது. தாய் ஒரு திசையில் போவாள், பிள்ளை ஒரு திசையில் வளரும். நடக்கப் பழகிய பிள்ளைகளை, வளர்க்கிற செலவை அரசாங்கமே கொடுத்து, விவசாயி வீடுகளில் விடுவார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த சபினா கெரிட்டிக்குக் குழந்தை இல்லை. அவள் ஒரு பையனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மோட்டாரில் வந்து இறங்கியவனின் கோட்டுப் பொத்தானில் ஒரு அட்டை கட்டியிருந்தது. ஆஸ்டின் லாவெல் என்று பெயர். எங்கள் பக்கத்தில் ஒருவன் தன்னை லாவெல் என்று சொல்லிக்கொள்வது தனக்கு மூக்கு இருக்கிறது என்று சொல்வது போலத்தான். மாவட்டம் பூராவும் லாவெல்கள் சிதறிக் கிடக்கிறார்கள். அந்த அட்டையை வைத்துக்கொண்டு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

சபினா கொஞ்ச மாட்டாள், கை நீட்டி அடிக்கவும் மாட்டாள். வயிறு நிறைய உருளைக்கிழங்கும் மோரும் போட்டாள். அவனைப் போல் வந்த மற்ற பிள்ளைகள் சில வீடுகளில் பட்ட பாட்டைப் பார்த்தால் அவனுக்குக் கிடைத்தது நல்ல இடம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கஷ்டம் பள்ளிக்கூடத்தில் வந்தது. ஒரே பெயரில் இத்தனை பேர் இருந்தால் எப்படிப் பிரிப்பது? அதனால் எங்கள் லாவெல்களுக்குக் கிளைப் பெயர் உண்டு. பாலத்து லாவெல், கொல்லன் லாவெல், மேட்டு லாவெல், வெள்ளைத்தலை லாவெல். வாத்தியார் பெயர் கூப்பிடும்போது ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து தன் கிளையைச் சொல்லும். ஆஸ்டின் எழுந்து நின்றான். எந்த லாவெல் என்று வாத்தியார் கேட்டார். அவன் விழித்தான். பின் பெஞ்சிலிருந்து எவனோ, "சர்க்கார் லாவெல் சார்," என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. வாத்தியாரும் மீசைக்குள் சிரித்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து சாகும்வரை முதுகுக்குப் பின்னால் அவனுக்கு ஊரில் சர்க்கார் என்றுதான் பெயர்.

அவன் மற்றவர்களின் கொடிவழியைப் படிக்க ஆரம்பித்தது அந்தச் சிரிப்பிலிருந்துதான். அவனுக்கென்று ஒரு கிளை இருக்கத்தான் வேண்டும். எல்லாக் கிளையையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனால் ஏதோ ஒரு கிளையில் ஒரு கணு காலியாக இருக்கும், அதில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று அந்தச் சின்ன மண்டை கணக்குப் போட்டது. சாவு வீடுகளில் மற்றப் பையன்கள் திருட்டுத்தனமாகப் புகைக்குழாய் இழுக்கும்போது அவன் கிழவர்களின் காலடியில் உட்கார்ந்து, அவருக்கு அப்பா யார், அவருக்கு யார் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். ஒரு எழுத்து எழுதிவைக்க மாட்டான். கேட்டது கல்லில் வெட்டினது மாதிரி நிற்கும். முப்பது வயதுக்குள் பங்கில் அவனுக்குத் தெரியாத வீடு இல்லை. கல்யாணம் பேசினால் பெண்ணும் மாப்பிள்ளையும் எவ்வளவு நெருக்கம் என்று கேட்க சாமியாரே ஆள் அனுப்புவார். கோடையில் அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள், எங்கள் கொள்ளுத் தாத்தா எங்கே படுத்திருக்கிறார் என்று கேட்டால், பெயர் வெட்டாத கல்லுக்கு நேராகக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிடுவான். அவர்கள் அழுவார்கள். அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்று அந்த அழுகையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

எல்லாருக்கும் குழி காட்டியவனுக்குத் தன் குழி எது என்று தெரியவில்லை. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் இடம். சாவு விழும்போதெல்லாம் அதே குழியைத் திறந்து பெட்டி மேல் பெட்டியாக இறக்குவோம். பிறந்த வீட்டுக் குழி, இல்லையென்றால் புகுந்த வீட்டுக் குழி. சபினா செத்து அவள் புருஷனோடு கெரிட்டி குழியில் போனபோது, ஆஸ்டின் தொப்பியைத் திருகிக்கொண்டே, பிற்பாடு தனக்கும் இங்கே ஒரு ஓரம் கிடைக்குமா என்று அவள் புருஷனின் அண்ணன் பிள்ளைகளிடம் கேட்டான். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அங்கே ஏற்கெனவே நெருக்கடி என்றார்கள். சபினாவின் இரண்டு அறை வீட்டில் அவன் இருப்பதை ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. அவள் காலடியில் படுப்பதைத்தான் ஆட்சேபித்தார்கள். அதன் பிறகு, யார் பெற்ற பிள்ளை நான், எந்தக் குழியைத் திறப்பார்கள் எனக்கு என்ற இந்த ஒரே கேள்விதான் அவனுக்கு வாழ்க்கை. கல்யாணத்தைப் பற்றிக்கூட அவன் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். ஒரு வாரம் வடக்கே, ஒரு வாரம் மலைக்கு அந்தப் பக்கம். வேற்றுப் பங்குகளின் கல்லறைத் தோட்டங்களில் நின்று, அங்கே உள்ள லாவெல்களிடம் வீடு வீடாக விசாரிப்பான். எந்தப் பெண்ணாவது தான் பிறந்த வருஷத்தில் ஊரைவிட்டுப் போனாளா, திரும்பி வந்தாளா என்று சுற்றி வளைத்துக் கேட்பான். சிலர் டீ கொடுத்தார்கள். சிலர் கதவை அடைத்தார்கள். மாவட்ட அலுவலகத்துக்கும் ஒரு முறை போனான். விடுதிப் பதிவேட்டையெல்லாம் யாருக்கும் காட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மழையில் நனைந்த கோழி மாதிரித் திரும்பி வருவான். ஊரே ஜன்னல் வழியாக அவன் போவதையும் வருவதையும் பார்க்கும்.

அவன் எந்தத் திசையில் போனாலும் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பாலத்தடியில் டீலியா லாவெலின் வீடு. பாலத்து லாவெல்களில் மூத்த மகள் அவள். இளம் வயதில் இங்கிலாந்தில் வேலைக்குப் போனவள், அம்மா செத்த பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தாள். அப்போது ஆஸ்டினுக்கு இருபது வயது இருக்கும். தம்பி பீட்டர் மேலே புது வீடு கட்டிக் கல்யாணம் செய்துகொண்டு போனான். அவள் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாய் கொஞ்சம் காரம். சைக்கிள் பாலத்தில் ஏறும்போது வாசலுக்கு வந்து நிற்பாள்.

"எங்க கெளம்பிட்ட இந்த மழையில?"

"ஆளத் தேடி."

"யார?"

"யாரா இருந்தாலும் சரி."

"தொப்பிய நல்லா இழுத்து விட்டுக்க. காது பூரா நனையுது," என்பாள். உள்ளே போய்விடுவாள்.

குளிர்காலத்தில் அவளுக்கு அடுப்பெரிக்க, சதுப்பில் வெட்டிக் காயவைத்த, விறகு போல எரியும் மண்கட்டி கொண்டுவந்து போடுவது ஆஸ்டின்தான். சதுப்பில் அவன் தன் பங்கை வெட்டும்போது அவள் பங்கையும் சேர்த்து வெட்டிவிடுவான். யாரும் சொல்லிச் செய்ததில்லை, பக்கத்து வீட்டுக் கிழவி, அவ்வளவுதான். கூடையை இறக்கியதும் அவள் சோடா ரொட்டியை வெட்டி, வெண்ணெயைக் கனமாகத் தடவிக் கொடுப்பாள். காலர் அழுக்கு என்பாள். முடி வெட்டாமல் ஆட்டுக்கிடா மாதிரி இருக்கிறாய் என்பாள். திட்டுகிற பெண் என்று அவன் நினைத்துக்கொள்வான். திட்டி முடித்ததும் அவள் நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்க வீட்டு வரிசையச் சொல்லு என்பாள்.

அதுதான் அவளுக்குப் பிடித்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து ஆரம்பிப்பான். பாலம் கட்டிய காலத்தில் மலைக்கு அப்பாலிருந்து வந்த பெரிய மார்ட்டின். அவருக்கு ஏழு பிள்ளைகள், பஞ்சத்தில் தப்பியது இரண்டு. அந்த இரண்டில் ஒருவர் பீட்டர், பீட்டருக்கு மார்ட்டின். இந்த மார்ட்டினுக்கு டீலியா, பிறகு பீட்டர். பீட்டருக்கு ஃபெஸ்டி. கடைசியில் ஒவ்வொரு முறையும், வரிசை சொல்கிறவர்கள் சொல்கிற வழக்கப்படி, "டீலியா, பிள்ளை இல்லை," என்று முடிப்பான். அவள் நெருப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை சொல் என்பாள். தனியாக இருக்கிற கிழவிக்கு வேறு என்ன பொழுதுபோக்கு என்று அவனும் சொல்வான்.

ஒரு வருஷம் ஈஸ்டருக்கு முந்தின குளிரில் டீலியாவுக்கு மார்புச் சளி கட்டிக்கொண்டது. தம்பி பீட்டர் முன்பே செத்துப்போயிருந்தான். அவன் மகன் ஃபெஸ்டியும் ஃபெஸ்டியின் மனைவியும்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்டின் மண்கட்டிக் கூடையோடு உள்ளே போனபோது அவளுக்குப் பேச மூச்சில்லை. கையை மட்டும் அசைத்தாள். அவனுக்குப் புரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய மார்ட்டினிலிருந்து ஆரம்பித்து டீலியா, பிள்ளை இல்லை என்பது வரை நிதானமாகச் சொல்லி முடித்தான். அவள் கண்ணைத் திறக்காமலே, "நல்லா சொல்ற," என்றாள். "ஒருத்தரையும் விடல நீ."

மறுநாள் அவள் செத்துப்போனாள்.

ஆஸ்டினுக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. துக்கமாகத்தான் இருந்தது, ஆனால் பக்கத்து வீட்டுத் துக்கம். முற்றத்தில் கூடியிருந்த ஆண்களை வழக்கம் போல் பார்த்தான். டவி வீட்டு மூத்தவன் வேண்டாம், அவன் பாட்டியும் டீலியாவின் அப்பாவும் கூடப்பிறந்தவர்கள். கொல்லன் லாவெல்களில் இரண்டு பேர் வேண்டாம். பாட்சி வரலாம், பாட்சியின் மருமகன் வரலாம், மேட்டு லாவெல்கள் ஐந்து தலைமுறைக்கு அப்பால், வரலாம். சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் சாய்த்தான். கல்லறைத் தோட்டம் வரை பாட்சி ஒரு கேலிகூடச் செய்யாமல் வந்தது ஆஸ்டினுக்கு அப்போது உறைக்கவில்லை.

பாலத்து லாவெல்களின் இடம் கிழக்குச் சுவரை ஒட்டி. ஆஸ்டின் மண்வெட்டியின் விளிம்பால் புல்லில் நாலு மூலையும் கீறினான். ஒரு காலைத் தூக்கி மண்வெட்டியின் மேல் வைத்தான். பாட்சியின் கை வந்து பிடியைப் பிடித்துக்கொண்டது.

"அத இங்க குடு, ஆஸ்டின்."

கிழவன் தன்னுடையதை மறந்துவிட்டு வந்திருக்கிறான் என்று ஆஸ்டின் நினைத்தான். "உங்களுது என்னாச்சு?"

"இருக்கு. நீ வெட்ட வேணாம்."

"ஏன், எனக்கென்ன?"

பாட்சி பிடியை விடவில்லை. எழுபதை நெருங்குகிற வயதுக்குள் அந்தப் பங்கில் பாதிக் குழியை வெட்டியவன், பிணத்துக்கோ பேய்க்கோ பயந்ததில்லை. அவன் சொன்னான், "குடுப்பா. எனக்கு பயமா இருக்கு. நீ இதுல மண் எடுக்கக்கூடாது."

ஆஸ்டின் மற்றவர்களைப் பார்த்தான். ஒருவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவன் காலில் இல்லாத சேற்றைச் சுரண்டினான். பாட்சியின் மருமகன் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டான். அந்த வாக்கியம் ஆஸ்டினுடைய வாக்கியம். முப்பது வருஷமாகச் சாவு வீட்டு முற்றங்களில் நின்று, அதே குரலில், அதே நாலு வார்த்தையில் எத்தனையோ பேரிடம் அவனே சொன்னது. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தத் தோட்டத்தில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் வேறு யாரும் இல்லை.

அவன் மண்வெட்டியை விட்டுவிட்டான். போய்ச் சுவரில் உட்கார்ந்தான். அவன் தலைக்குள் கணக்குகள் தாமாகவே ஓடின, நிறுத்த முடியவில்லை. அவள் இங்கிலாந்துக்குப் போன வருஷம். தான் பிறந்த வருஷம். ஊரில் எத்தனையோ பிள்ளையில்லாத வீடு இருக்க, பாலத்துக்கு நேர் எதிர் வீட்டில் சபினா ஒரு லாவெல் பையனைக் கேட்டு வாங்கியது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறான், அதுவும் கொட்டுகிற மழையில், சைக்கிளில். எல்லாக் கணக்கும் ஓடி முடிந்த பிறகு ஒன்று மட்டும் நின்றது. அவள் அடுப்படியில் உட்கார்ந்து, அவள் கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டு, அவள் முகத்துக்கு நேராக, குளிர்காலம் தவறாமல், டீலியா, பிள்ளை இல்லை என்று அவனே சொல்லியிருக்கிறான். அவன் அழவில்லை. அழ வரவில்லை என்பதுதான் சரி.

பெட்டியைத் தோளில் சுமக்கிறவர்கள் செத்தவரின் பெயரையே கொண்டவர்களாக இருக்க வேண்டும். அதுவும் எங்கள் வழக்கம். லாவெலை லாவெல்தான் தூக்க வேண்டும். ஃபெஸ்டி முன்னால் நின்றான், கிளைக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆஸ்டினும் லாவெல்தானே, ஒரு அடி முன்னால் வைத்திருந்தால் யார் தடுத்திருப்பார்கள்? அவன் வைக்கவில்லை. ஃபெஸ்டி ஒரு தடவை திரும்பி அவனைப் பார்த்தான். பிறகு வேகமாகத் தலையைத் திருப்பிக்கொண்டான். அன்று ஆஸ்டின் மண்வெட்டியும் பிடிக்கவில்லை, பெட்டியும் சுமக்கவில்லை. சொந்தக்காரர்களுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் நடுவில் தனியாக நின்றான்.

புதைத்து முடித்த கையோடு பாட்சியின் வீட்டுக்குப் போனான். பாட்சி அவனை எதிர்பார்த்துத்தான் இருந்தான். மனைவியை வெளியே அனுப்பிவிட்டு நாற்காலியைக் காட்டினான். ஆஸ்டின் உட்காரவில்லை.

"எத்தன பேருக்குத் தெரியும்?"

"யாருக்குத் தெரியாதுன்னு கேளு," என்றான் பாட்சி.

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். டீலியாவின் அப்பா அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கவே விடவில்லை. பிள்ளை விடுதியில் கிடந்து செத்துவிடுமோ என்று அம்மாக்காரிதான் சபினாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவனைக் கேட்டு வாங்க வைத்தாள். வீடு வீடாகப் போய், பையன் காதில் விழக்கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கினாள். டீலியா திரும்பி வந்த பிறகு, அப்பாவும் செத்த பிறகு, இனியாவது சொல்லிவிடு என்று பாட்சியே அவளிடம் சொன்னானாம்.

"அவ என்ன சொன்னா?"

"இப்ப வாரம் தவறாம என் வாசலுக்கு வர்றான், தெரிஞ்சா வரமாட்டான்னு சொன்னா. விட்டுட்டுப் போனவ வீட்டுக்கு எவன் வருவான்னு கேட்டா." பாட்சி மூக்கைத் துடைத்துக்கொண்டான். "உன் தாத்தாவுக்கும் பீட்டருக்கும் நீ வெட்டினப்ப பாத்துக்கிட்டு நின்னோம், பெத்தவளுக்கு விட மனசு வரல. நான் உன்ன அநாதை அநாதைன்னு... வாய்ப் பழக்கம், ஆஸ்டின்."

ஆஸ்டின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டான். பாட்சியை அவன் திட்டவில்லை. ஒருத்தன் பிறப்பை ஊரே கூடி அவனிடமிருந்து மறைத்தது. ஒவ்வொரு வீட்டிலும் அவனை உட்காரவைத்து, தங்கள் ஏழு தலைமுறையையும் வாய் வலிக்கச் சொன்னவர்கள் அவனுடைய ஒரு தலைமுறையைச் சொல்லவில்லை. இது சத்தியம் காப்பது என்று எங்கள் ஆட்கள் இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சத்தியம் கேட்ட கிழவி செத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு யாருக்காக அந்தச் சத்தியம் என்று கேட்டால் பதில் வராது. எனக்கு இதில் கோபம்தான், மறைக்க விரும்பவில்லை.

அடுத்த சாவு டவி வீட்டில் விழுந்தது. வழக்கம் போல் ஆஸ்டினைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து முற்றத்தில் நின்று, நீ வா, நீ வேண்டாம் என்று பிரித்தான். எல்லாரும் கிளம்பத் தயாரானபோது அவன் மட்டும் அசையவில்லை. கையில் மண்வெட்டி இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்கள்.

"நான் வரக்கூடாது," என்றான். "செத்தவரோட அம்மாவும் பாலத்து மார்ட்டினும் கூடப்பிறந்தவங்க."

மார்ட்டின் டீலியாவின் அப்பா, இவனுக்குத் தாத்தா. அவன் அதைச் சத்தமாகத்தான் சொன்னான், எல்லார் காதிலும் விழுந்தது. ஃபெஸ்டியும் அங்கேதான் இருந்தான். யாராவது ஒருவர், வாப்பா, உள்ளே வந்து உட்கார் என்று சொல்லியிருக்கலாம். சாவு வீட்டில் சொந்தக்காரர்கள் உட்காருகிற பெஞ்சில் இடம் இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவன் வீட்டுக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் குழி வெட்ட வந்தது அபூர்வம். ஒவ்வொரு சாவிலும் கணக்குப் பார்ப்பான், பார்த்தால் எங்கேயோ பாலத்து லாவெல்கள் வந்து ஒட்டிக்கொள்வார்கள். யாருமே இல்லாதவனாக இருந்தவன் ஒரே நாளில் பாதிப் பங்குக்குச் சொந்தமாகிவிட்டான். ஒரு வீட்டிலும் அவனைச் சொந்தம் என்று கூப்பிடவில்லை. அமெரிக்கக்காரர்கள் வந்தால் வரிசை சொல்வான். பாலத்து லாவெல்களின் வரிசை மட்டும் டீலியா என்ற பெயரோடு நின்றுவிடும். அதற்கு மேல் சொல்லுங்கள் என்றால், "அவ்வளவுதான்," என்பான். சைக்கிள் கொட்டகையில் துருப்பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்குச் சுவருக்குப் பக்கம் போய் நிற்பான், மழையாக இருந்தால் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு.

ஃபெஸ்டி கெட்டவன் இல்லை. பாலத்தில் எதிரே பார்த்தால் தலையசைப்பான், இறைச்சிக்குப் பன்றி அடித்தால் ஒரு துண்டு கொடுத்தனுப்புவான். ஆனால் வாயைத் திறக்க மாட்டான். அத்தையின் பழைய வீடும் அதைச் சுற்றி இருக்கிற நிலமும் அவனிடம் இருந்தன, சொந்தம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எங்கே போய் முடியுமோ என்று பயந்தானா, வெட்கமா, எனக்குத் தெரியாது. இன்று சொல்லலாம் நாளை சொல்லலாம் என்று இருந்திருப்பான். எங்கள் பங்கில் நிறைய விஷயங்கள் அப்படித்தான் நாளைக்குத் தள்ளப்பட்டு மண்ணுக்குள் போயிருக்கின்றன.

எட்டு ஒன்பது வருஷம் கழித்து, புல் அறுத்துக் காயவைக்கிற காலத்தில், ஆஸ்டின் தன் வீட்டுக் கதவுக்கும் கிணற்றுக்கும் நடுவில் விழுந்து செத்துக் கிடந்தான். வாளியில் தண்ணீர் அப்படியே இருந்தது. உடம்பைக் கழுவிப் படுக்க வைத்தார்கள். ஜெபமாலை சொன்னார்கள். பிறகு யாராலும் தள்ளிப்போட முடியாத பேச்சு வந்தது. எந்தக் குழி? ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். சாமியார், தோட்டத்தின் மூலையில் பொது இடம் இருக்கிறதே என்றார். ஃபெஸ்டி சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்களுதத் திறங்க," என்றான்.

யார் யார் வெட்டலாம் என்று பிரிக்க ஆள் இல்லை. பிரிக்கத் தெரிந்தவன் உள்ளே படுத்திருந்தான். கையில் மண்வெட்டி இருந்தவர்கள் எல்லாரும் போனார்கள். பாட்சி முன்பே செத்துவிட்டான். அவன் பேத்தியைக் கட்டியிருந்த கெரி மாவட்டத்துக்காரன் ஒருவன் வந்திருந்தான், நல்ல உழைப்பாளி, எங்கள் விஷயம் எதுவும் தெரியாதவன். கிழக்குச் சுவரை ஒட்டி முதல் பாதி ஆழம் வரை அவன்தான் வெட்டினான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தபோது, குழியிலிருந்து தள்ளி, கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு ஃபெஸ்டி நிற்பதைப் பார்த்தான். பங்கில் பக்கத்து வீட்டுக் குழிக்கெல்லாம் முன்னால் நிற்கிற ஆள் ஃபெஸ்டி.

"நீங்க கொஞ்சம் எறங்குறீங்களா?" என்று மண்வெட்டியை நீட்டினான்.

ஃபெஸ்டி கையை வெளியே எடுக்கவில்லை.

"நான் எறங்கக் கூடாதுப்பா," என்றான். சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். "அவரு என் அத்தை மகன்."

ஆஸ்டின் வாழ்நாள் பூராவும் சைக்கிளில் தேடிய வார்த்தை அது. கேட்க வேண்டியவன் கேட்கவில்லை. செத்த பிறகு சொந்தம் கொண்டாடுவதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆள் கிடையாது. ஃபெஸ்டியின் முகம் கோணிப்போயிருந்தது, அதை மறைக்க அவன் முயலவில்லை.

கெரிக்காரன் ஒன்றும் புரியாமல் மறுபடியும் குழியில் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் மண்வெட்டி மரத்தில் பட்டுச் சத்தம் கேட்டது. டீலியாவின் பெட்டி மூடி. மேலே இருந்தவர்கள், போதும், மேலே வா என்றார்கள். அதற்குக் கீழே வெட்டத் தேவையில்லை.